வினைக்குப் பின்னால் வரும் சிறுசொல்

'லைட்டை ஆஃப் பண்ணு' என்று சொல்லாத தமிழ் வீடு இன்று அரிது. மின்விளக்கோடு நம்மிடம் வந்த ஆங்கிலத் தொடர் 'ஸ்விட்ச் ஆஃப்'. அதில் 'ஸ்விட்ச்' வினை. 'ஆஃப்' அதன் பின்னால் வரும் சிறுசொல். தமிழ் பேசுவோர் வினையை உதறிவிட்டுச் சிறுசொல்லை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். விடுபட்ட வினைக்குப் பதிலாகத் தங்கள் 'பண்ணு'வைச் சேர்த்துக்கொண்டார்கள். யாரும் இலக்கணம் படித்துவிட்டு இதைச் செய்யவில்லை. ஆனாலும் காது சரியான இடத்தைப் பிடித்திருக்கிறது. விளக்கு அணைந்த சேதியைச் சொல்வது 'ஸ்விட்ச்' அல்ல, 'ஆஃப்'. அந்த வினை ஏற்றுவதற்கும் அணைப்பதற்கும் பொது. வேறுபாடு முழுவதும் சிறுசொல்லிடம் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் இதையே தலைகீழாகக் கற்பிக்கிறோம். 'கிவ் அப்' என்றால் கைவிடு, 'கிவ் இன்' என்றால் பணிந்துபோ, 'கிவ் அவே' என்றால் தானமாகக் கொடு என்று வினையின் பெயரில் ஒரு பட்டியல். அதை மனப்பாடம் செய்தால் தேர்வில் ஒரு மதிப்பெண். பட்டியலில் இல்லாத ஒன்று எதிரே வந்தால் மாணவருக்குக் கைப்பிடி எதுவும் கிடைப்பதில்லை. ஆங்கில ஆசிரியர்கள் 'ஃப்ரேசல் வெர்ப்' என்று சொல்லும் இந்த வினைகளையும், 'பிரிபொசிஷன்' எனப்படும் முன்னிடைச்சொற்களையும் தனித்தனிப் பாடமாக வைத்திருப்பதுதான் இந்தத் தொல்லையின் வேர் என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் சொற்கள் ஏறக்குறைய அவையே: அப், டவுன், இன், அவுட், ஆன், ஆஃப், ஓவர். ஒரே சொல் ஓரிடத்தில் வினையோடு சேர்கிறது, மற்றோரிடத்தில் பெயரோடு சேர்கிறது. எப்போது எதனோடு சேர்கிறது என்பதைப் பார்க்கப் பழகினால் பாதிக் குழப்பம் தீரும்.

எழுத்தைப் பற்றி ஒரு குறிப்பு. பிரிதலைக் காட்டும் சொல்லை 'ஆஃப்' என்றும், உடைமையைக் காட்டும் சொல்லை 'ஆவ்' என்றும் இங்கே எழுதுகிறேன். ஆங்கிலேயர் உச்சரிப்பிலும் வேறுபாடு அதுதான். இரண்டையும் ஒரே ஒலியில் சொல்லிப் பழகியதால் நம் மாணவர்கள் எழுத்திலும் இவற்றை மாற்றிப் போட்டுவிடுகிறார்கள்.

இந்த வினைகள் பிறமொழியாளரைத் திணறடிப்பது பழைய சேதி. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே அதைக் குறிப்பிட்டிருக்கிறார். வினையோடு ஒரு சிறுசொல் சேர்ந்து பொருள் மாறும் வழக்கம் ஆங்கிலத்தில் மிகுதி என்றும், அயலாருக்குப் பெரிய இடர் அதில்தான் என்றும், ஆகவே அவற்றைக் கவனமாகத் தொகுத்ததாகவும் எழுதினார். ஆனால் அவர் அதற்கு ஒரு பெயர் வைக்கவில்லை. 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர் 1925-இல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய 'வேர்ட்ஸ் அண்ட் இடியம்ஸ்' நூலில் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி தமக்குச் சொல்லித்தந்த பெயர் அது என்று ஸ்மித் அதில் குறிப்பிட்டிருக்கிறார். பெயர் வந்த பிறகும் எதையெல்லாம் அதற்குள் அடக்குவது என்ற வழக்கு முடியவில்லை. அந்த வழக்கைப் புரிந்துகொண்டால் இந்த வினைகளின் இயக்கமே புரிந்துவிடும்.

ஒலியில் ஓர் எழுத்து மட்டும் வேறுபடும் இரண்டு தொடர்களை எடுத்துக்கொள்வோம். 'ரன் அப் எ ஹில்' என்றால் குன்றின்மேல் ஓடு. 'ரன் அப் எ பில்' என்றால் கடன்கணக்கை ஏற்றிக்கொண்டே போ. முதல் தொடரில் 'அப்' குன்றைச் சேர்ந்தது. 'அப் எ ஹில்' ஒரு துண்டு, 'ரன்' தனித் துண்டு. நடுவே 'விரைவாக' என்ற பொருளில் ஒரு சொல்லைச் செருகி 'ரன் குவிக்லி அப் எ ஹில்' என்று சொல்லலாம். இரண்டாவதில் 'அப்' ஓட்டத்தைச் சேர்ந்தது. 'ரன் அப்' ஒரு துண்டு, 'எ பில்' தனித் துண்டு. இங்கே இடையில் 'குவிக்லி' நுழையாது. ஆனால் பெயர் நுழையும்: 'ரன் எ பில் அப்' சரியான ஆங்கிலம். 'ரன் எ ஹில் அப்' என்றால் யாருக்கும் புரியாது.

இந்தச் சோதனையைச் சுட்டுப்பெயர் இன்னும் கறாராகச் செய்துகாட்டும். 'பிக் அப் த புக்', 'பிக் த புக் அப்' இரண்டும் வழக்கில் உண்டு. புத்தகத்துக்குப் பதிலாக 'இட்' வந்தால் ஒரு வழிதான்: 'பிக் இட் அப்'. 'பிக் அப் இட்' பிழை. 'லுக் அட்' என்பதில் எல்லாம் நேர்மாறு. 'லுக் அட் இட்' சரி. 'லுக் இட் அட்' பிழை. காரணம் ஆங்கில வாக்கியத்தின் இசையில் இருக்கிறது. பொதுவாகப் புதிய சேதி வாக்கியத்தின் கடைசியில் வரும், அழுத்தமும் அங்கேதான் விழும். 'இட்', 'ஹிம்', 'தெம்' போன்றவை ஏற்கெனவே தெரிந்த ஒன்றைச் சுட்டும் மெலிந்த சொற்கள். அவற்றால் கடைசி இடத்தைத் தாங்க முடியாது. ஆகவே அவை நடுவுக்குப் போய்விடுகின்றன, அழுத்தத்தை 'அப்' ஏற்கிறது. 'நேற்று நூலகத்தில் நான் விட்டுவிட்டு வந்த அந்தப் பெரிய புத்தகம்' என்பது போன்ற நீண்ட செயப்படுபொருள் வந்தால், அதே விதிப்படி அது கடைசிக்குத் தள்ளப்படும். 'பிக் அப்' பிரியாமல் முன்னே நிற்கும்.

அழுத்தத்தையே ஒரு சோதனையாக வைக்கலாம். 'வாட் ஆர் யூ லுக்கிங் அட்?' என்று கேட்கும்போது குரல் 'லுக்'கில் உயர்ந்து 'அட்'டில் மங்கும். 'வாட் டிட் தே புட் ஆஃப்?' என்று கேட்கும்போது குரல் 'ஆஃப்'பில் உயரும். பெயரோடு சேர்ந்த சிறுசொல் பொதுவாக மெலிந்து ஒலிக்கும். வினையோடு சேர்ந்தது ஓங்கி ஒலிக்கும். எந்தப் பட்டியலையும் பாராமல் காதாலேயே இரண்டையும் பிரிக்க முடியும். பேச்சைக் கேட்கவைத்துப் பழக்கும் ஆசிரியர் இதைப் பத்து நிமிடத்தில் புரியவைத்துவிடுவார்.

இந்த வேறுபாட்டை முறையாக வகுத்தது 1985-இல் குவெர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் நால்வரும் வெளியிட்ட பேரிலக்கணம். 'பிக் அப்' போன்றவை ஒரு வகை, 'லுக் அட்', 'லுக் ஆஃப்டர்' போன்றவை இரண்டாம் வகை, 'புட் அப் வித்' போன்றவை இரண்டும் கலந்த மூன்றாம் வகை என்று அவர்கள் பிரித்தார்கள். கடையில் விற்கும் தேர்வு வழிகாட்டிகள் மூன்றையும் ஒரே கூடையில் கொட்டிவிடுகின்றன. பொருள் சிறப்பாக இருந்தாலே ஃப்ரேசல் வெர்ப் என்று அவை கருதுவதுதான் காரணம். 'லுக் ஆஃப்டர்' என்பதன் பொருள், பார்த்துக்கொள் என்பது, சிறப்புப் பொருள்தான். ஆனால் இலக்கணத்தில் அது 'லுக் அட்' போலவே நடக்கிறது: 'லுக் ஆஃப்டர் ஹிம்' என்றுதான் வரும், 'லுக் ஹிம் ஆஃப்டர்' என்று வராது. பொருளின் விந்தை ஒன்று, சொல் நகரும் விதி வேறொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் மாணவர் எதைப் பிரிக்கலாம், எதைப் பிரிக்கக்கூடாது என்று தெரியாமல் தவிக்கிறார்.

2002-இல் வந்த ஹடில்ஸ்டன், புல்லம் இருவரின் கேம்பிரிட்ஜ் இலக்கணம் இன்னும் ஒரு படி மேலே போய், ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயரே தேவையில்லை என்றது. 'அப்' எங்கே வந்தாலும் அது முன்னிடைச்சொல்தான்; பின்னால் ஒரு பெயரை எடுத்துக்கொள்ளும் சில இடங்களில், எடுத்துக்கொள்ளாது வேறு சில இடங்களில் என்பது அவர்கள் வாதம். இந்த எண்ணத்தின் விதை 1924-இலேயே டென்மார்க் நாட்டு அறிஞர் ஓட்டோ யெஸ்பெர்சனிடம் இருந்தது. செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்று பிரித்தாலும் இரண்டையும் வினை என்றே சொல்கிறோம். சிறுசொற்களை மட்டும் ஏன் இரண்டு வகைச் சொற்களாக்க வேண்டும் என்று அவர் கேட்டார். தமிழ் வாசகருக்கு இதை ஏற்பது எளிது. 'வீட்டுக்கு உள்ளே வா' என்கிறோம், 'உள்ளே வா' என்றும் சொல்கிறோம். முன்னதில் 'உள்ளே' ஒரு பெயரைப் பற்றிக்கொண்டு நிற்கிறது, பின்னதில் வெறுமனே நிற்கிறது. இரண்டும் ஒரே 'உள்ளே' என்பதில் நமக்கு ஐயம் வருவதில்லை. பெயர் விஷயத்தில் நான் பழைய ஆசிரியர்கள் பக்கம், ஏனென்றால் வகுப்பறையில் ஊன்றிவிட்ட பெயரைப் பிடுங்கி எறிவதால் பயனில்லை. சொல்லின் இயல்பைப் பொறுத்தவரை யெஸ்பெர்சன் சொன்னதே சரி.

இரண்டும் கைகோக்கும் இடம் மூன்று சொல் வினைகள். 'புட் அப் வித் த நாய்ஸ்' என்றால் இரைச்சலைப் பொறுத்துக்கொள். இதில் 'அப்' வினையின் சொத்து, 'வித்' அடுத்து வரும் பெயரின் சொத்து. 'ரன் அவுட் ஆவ் மில்க்' என்றால் பால் தீர்ந்துபோனது. கிரிக்கெட்டில் கேட்ட 'ரன் அவுட்'டோடு இதற்கு உறவில்லை. இங்கே 'அவுட்' தீர்ந்ததைச் சொல்கிறது, 'ஆவ்' எது தீர்ந்தது என்பதை இணைக்கிறது. பொருளைக் குறிப்பிட வேண்டாம் என்றால் 'ஆவ்' தானாக உதிர்ந்துவிடும்: 'வி ஹாவ் ரன் அவுட்'. முன்னிடைச்சொல் பெயருக்காக வந்தது, பெயர் போனதும் அதுவும் போய்விட்டது. கணினி முன்னால் உட்காரும் எல்லாரும் சந்திக்கும் 'லாக் இன்' இதே ரகம். தனியே 'லாக் இன்'. எதற்குள் என்று சொல்லும்போது 'லாக் இன் டு'. 'இன்', 'டு' இரண்டையும் ஒட்டி 'இன்டு' என்று எழுதும் பழக்கம் ஆங்கிலேயரிடமே பரவிவருகிறது; பிரித்து எழுதினால் எது யாருடைய சொத்து என்பது கண்ணுக்குத் தெரியும்.

நம் அலுவலகக் கடிதங்களில் அடிக்கடி விழும் ஒரு பிழை இங்கேதான் பிறக்கிறது. 'லுக் ஃபார்வர்ட் டு' என்ற தொடரில் உள்ள 'டு' முன்னிடைச்சொல். அதற்குப் பின்னால் பெயரோ பெயர்போல் நடக்கும் 'மீட்டிங்' என்ற வடிவமோ வர வேண்டும். 'டு' என்றாலே 'டு கோ', 'டு மீட்' என்று பழகிய கை 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று எழுதிவிடுகிறது. 'யூஸ்ட் டு' என்பதிலும் இதே கண்ணி உண்டு. 'ஐ யூஸ்ட் டு வாக்' என்றால் முன்பெல்லாம் நடப்பேன். 'ஐ ஆம் யூஸ்ட் டு வாக்கிங்' என்றால் நடந்து பழக்கம். எந்த 'டு' என்று ஐயம் வந்தால், அதன் பின்னால் 'இட்' என்பதைப் போட்டுப் பார்க்கலாம். 'லுக் ஃபார்வர்ட் டு இட்' பொருள் தருகிறது. ஆகவே அது முன்னிடைச்சொல்.

ஆங்கிலத்துக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் சிறுசொல் பெரும்பாலும் வினைக்கு முன்னால் ஒட்டாக நின்றது. 'ஃபர்கிவ்', 'அண்டர்ஸ்டாண்ட்', 'வித்ஸ்டாண்ட்', 'ஓவர்கம்' ஆகியவை அந்தக் காலத்தின் எச்சம். 'வித்ஸ்டாண்ட்' என்றால் எதிர்த்து நில். 'வித்' என்பதற்கு 'எதிராக' என்ற பொருள் அப்போது இருந்தது. 'ஃபைட் வித்' என்பதில் அதன் சாயல் இன்னும் தெரிகிறது. காலப்போக்கில் இந்த முன்னொட்டுகள் வலுவிழந்து, சிறுசொல் வினைக்குப் பின்னால் தனியே நிற்கத் தொடங்கியது. வட இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் மொழியில் அந்த வழக்கம் ஏற்கெனவே இருந்ததால், அது இந்த மாற்றத்துக்கு உரமிட்டது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். 1154 வரை நீளும் பீட்டர்பரோ குறிப்பேட்டில் 'கிவ் அப்' என்பதன் பழைய வடிவம் வந்துவிட்டது.

அதற்குள் 1066-இன் நார்மன் வெற்றி நடந்து முடிந்திருந்தது. அரசவை, நீதிமன்றம், மடாலயம் எல்லாவற்றிலும் பிரெஞ்சும் லத்தீனும் உட்கார்ந்தன. அந்த மொழிகளிலிருந்து வந்த வினைகள் எழுத்துக்கும் அலுவலுக்கும் உரியவையாயின. சிறுசொல் சேர்ந்த வினைகள் வீட்டிலும் வயலிலும் தங்கின. தள்ளிவைப்பதற்கு 'போஸ்ட்போன்' ஒன்று, 'புட் ஆஃப்' ஒன்று. விசாரிப்பதற்கு 'இன்வெஸ்டிகேட்' ஒன்று, 'லுக் இன்டு' ஒன்று. இந்த இரட்டைத்தன்மை நமக்கு நேரடியாக முக்கியமானது. இந்தியாவுக்கு ஆங்கிலம் பாடப்புத்தகம் வழியாகவும் அரசாங்கக் கோப்பு வழியாகவும் வந்தது. அடுப்படி வழியாக வரவில்லை. அதனால்தான் நன்கு படித்த தமிழர் பலர் 'எக்ஸ்டிங்குவிஷ்' என்பதைத் தயங்காமல் எழுதுவார்கள். லண்டனில் ஒரு குழந்தை 'புட் இட் அவுட்' என்று சொன்னால் ஒரு நொடி யோசிப்பார்கள்.

வாக்கியத்தின் கடைசியில் முன்னிடைச்சொல் வரக்கூடாது என்ற விதியும் இந்த லத்தீன் மோகத்தின் குழந்தை. 1672-இல் கவிஞர் ஜான் டிரைடன், முந்தைய தலைமுறையின் பென் ஜான்சனை இந்தக் காரணம் சொல்லிக் குறைகூறினார். லத்தீனில் அப்படி வராது என்பதைத் தவிர வேறு வலுவான நியாயம் அந்த விதிக்கு இல்லை. 'வாட் ஆர் யூ லுக்கிங் அட்?' என்பது குறையற்ற ஆங்கிலம். 'புட் அப் வித்' போன்ற ஒன்றைக் கடைசியில் வரவிடாமல் தடுத்தால் வாக்கியமே முறிந்துபோகும். நம் பழைய இலக்கணப் புத்தகங்களில் இந்த விதி இன்னும் தென்பட்டால் அடித்துவிடலாம்.

இனிப் பொருளுக்கு வருவோம். சிறுசொற்கள் எல்லாம் முதலில் இடத்தைச் சொன்னவை. மேலே, கீழே, உள்ளே, வெளியே, மேற்பரப்பில், விலகி. அந்த இடப்பொருளிலிருந்து மற்றவை கிளைக்கின்றன. 1980-இல் ஜார்ஜ் லேக்காஃப், மார்க் ஜான்சன் இருவரும், மிகுதியை 'மேல்' என்றும் குறைவை 'கீழ்' என்றும் மனிதர் உணர்வதை விரிவாகக் காட்டினார்கள். 1981-இல் கலிஃபோர்னியாவில் சூசன் லிண்ட்னர் 'அப்', 'அவுட்' இரண்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு முனைவர் ஆய்வே செய்தார். தாறுமாறாகத் தெரியும் நூற்றுக்கணக்கான வினைகளில் அந்தச் சிறுசொற்களின் பொருள் ஒழுங்காகக் கிளைத்திருப்பது அதில் வெளிப்பட்டது.

'அப்' மேலே போவது. பாத்திரத்தில் நீர் மேலே வரவர நிறைகிறது. ஆகவே 'ஃபில் அப்'. நிறைந்தால் முடிந்தது, ஆகவே 'ஈட் அப்', 'ட்ரிங்க் அப்', 'யூஸ் அப்' எல்லாவற்றிலும் மிச்சமில்லாமல் முடிப்பது. 'ஈட்' என்றால் சாப்பிடு, 'ஈட் அப்' என்றால் சாப்பிட்டு முடித்துவிடு. காகிதம் 'பர்ன்ஸ் அப்', அதாவது மிச்சமின்றி எரிகிறது. வீடு 'பர்ன்ஸ் டவுன்', ஏனென்றால் எரிந்த வீடு தரைமட்டமாகக் கீழே விழுகிறது. படிவத்தை 'ஃபில் இன்' என்றும் 'ஃபில் அவுட்' என்றும் சொல்வார்கள்; இரண்டும் ஒரே வேலை. ஒன்று கட்டத்துக்கு உள்ளே எழுதுவதைப் பார்க்கிறது, மற்றொன்று படிவம் முழுமையாக விரிந்து நிறைவதைப் பார்க்கிறது.

'ஆஃப்' பலரை மிரட்டும் சொல். 'த லைட் வென்ட் ஆஃப்' என்றால் விளக்கு அணைந்தது. 'தி அலாரம் வென்ட் ஆஃப்' என்றால் மணி அடித்தது. ஒன்று நின்றது, மற்றொன்று தொடங்கியது. முரண் போலத் தெரிந்தாலும் அடிப்படையில் பிரிவுதான் இருக்கிறது. விளக்கு தன் இயக்கத்திலிருந்து விலகியது. அலாரமும் துப்பாக்கியும் வெடியும் தம் அமைதியிலிருந்து விடுபட்டன. பயணம் கிளம்புவது 'செட் ஆஃப்', விமானம் தரையை விட்டுப் பிரிவது 'டேக் ஆஃப்', ஏற்பாட்டை ரத்து செய்வது 'கால் ஆஃப்'. எல்லா வினையையும் இப்படி விளக்கிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. சில, காலத்தில் தேய்ந்து, தடம் அழிந்துபோனவை. அவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். அவை சிறுபான்மை.

வாகனங்களுக்கும் இந்த இடவுணர்வு உதவும். காருக்கு 'கெட் இன்', 'கெட் அவுட் ஆவ்'. பேருந்து, ரயில், கப்பல், விமானத்துக்கு 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. நின்று நடமாடத் தளம் உள்ள வண்டி என்றால் 'ஆன்', குனிந்து நுழைந்து உட்கார்ந்துவிடும் வண்டி என்றால் 'இன்' என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஏறும்போது எந்தச் சொல்லோ, இறங்கும்போது அதன் எதிர்ச்சொல். தமிழ்நாட்டில் 'கெட் அவுட்' திட்டுவதற்கென்றே ஆகிவிட்டதால், 'கெட் அவுட் ஆவ் த கார்' என்பது நம் காதுக்கு முரட்டுத்தனமாகப் படுகிறது. ஆங்கிலேயருக்கு அது வெறும் 'காரிலிருந்து இறங்கு'.

தமிழர் இதைக் கற்பதில் ஓர் அனுகூலம் இருக்கிறது. அதை யாரும் பயன்படுத்துவதில்லை என்பதே என் பெரிய ஆதங்கம். மெழுகுவத்தியை 'ஊதி அணைத்தான்' என்கிறோம். ஆங்கிலத்தில் அது 'ப்ளூ அவுட்'. செய்த விதத்தைத் தமிழ் எச்சத்தில் வைக்கிறது: ஊதி. விளைவை முற்றில் வைக்கிறது: அணைத்தான். ஆங்கிலம் விதத்தை வினையில் வைக்கிறது: 'ப்ளூ'. விளைவைச் சிறுசொல்லில் வைக்கிறது: 'அவுட்'. அதாவது நம் முற்றுவினை செய்யும் வேலையை அங்கே சிறுசொல் செய்கிறது. 'நுனிக்காலில் நடந்து வெளியேறினாள்' என்பதற்கு 'டிப்டோட் அவுட்'. 'துடைத்து எடுத்தான்' என்பதற்கு 'வைப்ட் ஆஃப்'. மொழியியலாளர் லியோனார்ட் டால்மி உலக மொழிகளை இந்த அடிப்படையில் இரு பெருங்குடும்பமாகப் பிரித்தபோது, வழியையும் விளைவையும் முதன்மை வினையில் வைக்கும் மொழிகளின் வரிசையில் தமிழையும் சேர்த்தார். ஆங்கிலம் எதிர் வரிசையில் நிற்கிறது. மாணவருக்கு இந்த ஒரு தலைகீழாக்கத்தைக் காட்டினால் போதும். ஆங்கிலத்தில் சிறுசொல்லைப் பார்த்ததும் தமிழ் முற்றுவினையைத் தேடத் தொடங்கிவிடுவார்.

துணைவினைகள் இன்னும் நெருக்கமானவை. 'சாப்பிடு', 'சாப்பிட்டுவிடு' இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 'ஈட்', 'ஈட் அப்' இரண்டுக்கும் உள்ளதற்கு மிக அருகில் இருக்கிறது. 'எழுதிவை' என்பது 'ரைட் டவுன்'. 'தூக்கிப்போடு' என்பது 'த்ரோ அவே'. அந்தப் 'போடு'வில் உள்ள அலட்சியம் 'அவே'யிலும் உண்டு. 'படித்துக்கொண்டே இரு' என்பது 'ரீட் ஆன்'. 'பார்த்துக்கொள்' என்பது 'லுக் ஆஃப்டர்'. இரண்டு மொழியும் பார்த்தலையே அடிப்படையாக வைத்திருக்கின்றன. 'கண்டுபிடி', 'விட்டுக்கொடு', 'கைவிடு' ஆகியவற்றைப் பிரித்துப் பொருள் சொல்ல முடியாது. 'ஃபைண்ட் அவுட்', 'கிவ் இன்', 'கிவ் அப்' ஆகியவற்றையும் அப்படித்தான். வினையோடு ஒரு சிறு துணை சேர்ந்து புதுப்பொருள் பிறப்பதைக் கருவிலேயே கற்றவர்கள் நாம்.

முன்னிடைச்சொல் பக்கம் நிலைமை வேறு. அங்கே நம் வேற்றுமை உருபுகள் உதவுவதைவிட இடறுவது அதிகம். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்று நினைக்கும் மனம் 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதுகிறது. ஆங்கிலத்தில் 'டிஸ்கஸ்' நேரே செயப்படுபொருளை எடுத்துக்கொள்ளும். 'பாட்டைக் கேள்' என்பதில் 'ஐ' உருபு நேரே வருவதால் 'லிஸன் த சாங்' என்று வருகிறது. அங்கே 'டு' தேவை. 'எனக்கு விளக்கு' என்பது 'எக்ஸ்ப்ளெய்ன் மி' ஆகிறது. 'டு மி' என்று இருக்க வேண்டும். 'கணக்கில் கெட்டிக்காரன்' என்பதன் 'இல்' உருபு 'குட் இன் மேத்ஸ்' என்று எழுதவைக்கிறது. வழக்கு 'குட் அட்'. 'அவருடன் திருமணம்' என்பது 'மேரிட் வித்' ஆகிறது. வழக்கு 'மேரிட் டு'. 'ரிட்டர்ன் பேக்' என்பதில் 'திரும்பி வா' என்ற இரட்டை ஒளிந்திருக்கிறது. 'கோப் அப் வித்' மட்டும் தமிழின் குற்றமில்லை. 'கீப் அப் வித்', 'புட் அப் வித்' இரண்டையும் பார்த்து 'அப்' தானாக ஒட்டிக்கொண்டது.

இவற்றையெல்லாம் ஒரே தராசில் வைத்துப் பிழை என்று தள்ளவும் கூடாது. கல்லூரியில் படித்து முடிப்பதை நாம் 'பாஸ் அவுட்' என்கிறோம். ஆங்கிலேயருக்கு அது மயங்கி விழுவது. ஆனால் படைப்பயிற்சி முடித்து வெளியேறுவதற்கு அதே தொடர் பிரிட்டனிலும் வழக்கு. சென்னை பரங்கிமலையில் உள்ள படை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் 'பாஸிங் அவுட்' அணிவகுப்பு இன்றும் நடக்கிறது. நாம் செய்தது பொருளைக் கொஞ்சம் விரித்ததுதான். இந்தியாவுக்குள் யாருக்கும் குழப்பமில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் எழுதும்போது மாற்றிக்கொண்டால் போதும்.

தமிழ் இந்த வினைகளிலிருந்து வடித்தெடுத்த பெயர்ச்சொற்களும் ஒரு தனிச் செல்வம். செக்கப், லாக்கப், மேக்கப், பேக்கப், லுக் அவுட் நோட்டீஸ். 2020-இல் லாக்டவுன் கைக்குழந்தைக்கும் தெரிந்த சொல்லானது. 'செட்டப்', 'பில்டப்', 'கெட்டப்' மூன்றும் தமிழில் தமக்கென்று வேறு வாழ்க்கையே தொடங்கிவிட்டன. ஆங்கிலத்தில் வினையாக இருக்கும்போது 'செக் அப்' என்பதில் அழுத்தம் 'அப்'பில். பெயரானதும் அழுத்தம் 'செக்'குக்கு நகரும். நாம் பெயரைத்தான் வாங்கினோம், பிறகு 'பண்ணு' சேர்த்து மறுபடி வினையாக்கிக்கொண்டோம்.

சிறுசொல் சிறியதென்று எண்ணுவோர் 1977 மார்ச் 27-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். ஸ்பெயினின் டெனரிஃப் தீவில், லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில், கே.எல்.எம்., பான் ஆம் நிறுவனங்களின் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். மூடுபனி, நெரிசல், ஒரே நேரத்தில் பேசியதால் வானொலியில் எழுந்த இரைச்சல் என்று காரணங்கள் பல. அவற்றில் ஒன்று ஒரு வாக்கியம். ஓடுபாதையில் கிளம்பிவிட்ட, கே.எல்.எம். என்ற டச்சு நிறுவனத்தின் விமானத்திலிருந்து 'வி ஆர் நவ் அட் டேக் ஆஃப்' என்ற பொருளில் ஒரு சேதி வந்தது. விமானி சொல்ல நினைத்தது, 'கிளம்பிக்கொண்டிருக்கிறோம்'. ஸ்பானியக் கட்டுப்பாட்டாளர் புரிந்துகொண்டது, 'கிளம்பும் இடத்தில் நிற்கிறோம்'. ஆங்கிலத்தில் 'அட்' முதலில் இடத்தைச் சொல்லும். டச்சு மொழியிலோ, நடந்துகொண்டிருக்கும் செயலைச் சொல்ல அதுபோன்றதொரு முன்னிடைச்சொல்லை வினையோடு சேர்ப்பது வழக்கம். தாய்மொழி இலக்கணம் ஆங்கிலச் சொற்களுக்குள் புகுந்திருக்கலாம் என்று மொழியியலாளர் சிலர் விளக்கியிருக்கிறார்கள். விபத்துக்குப் பிறகு வானொலிப் பேச்சு இறுக்கப்பட்டது. 'டேக் ஆஃப்' என்ற தொடரை அதற்கான அனுமதி தரும்போதும் திரும்பப் பெறும்போதும் மட்டுமே சொல்ல வேண்டும். மற்ற இடங்களில் 'டிபார்ச்சர்' என்றாக வேண்டும். இரட்டைப் பொருளுக்கு இடம்தராத லத்தீன்வழிச் சொல் அங்கே உயிர்காக்கும் சொல்லானது.

கற்போர் இந்த வினைகளைத் தவிர்ப்பது பற்றி நாற்பது ஆண்டுகளாக ஆய்வு நடக்கிறது. 1985-இல் டாகட், லாஃபர் இருவரும் இஸ்ரேல் மாணவர்களைச் சோதித்தபோது, அவர்கள் சிறுசொல் வினைகளை ஒதுக்கி ஒற்றைச்சொல் வினைகளையே நாடினார்கள். ஹீப்ருவில் இத்தகைய வினை இல்லாதது காரணமாகச் சொல்லப்பட்டது. 1989-இல் ஹுல்ஸ்டைன், மார்ச்சேனா இருவரும் டச்சு மாணவர்களைப் பார்த்தார்கள். அவர்கள் மொழியில் இது நிறைய உண்டு, ஆகவே ஒட்டுமொத்தமாகத் தவிர்க்கவில்லை. தங்கள் மொழியில் உள்ளதைப் போலவே இருந்த சில மரபு வினைகளை மட்டும், இது ஆங்கிலமாக இருக்காது என்ற ஐயத்தில் விட்டுவிட்டார்கள். 2004-இல் சீன மாணவர்களிடம் லியாவ், ஃபுகுயா செய்த ஆய்வில், இடைநிலை மாணவர் தவிர்த்தார்கள், தேர்ந்தவர்கள் தவிர்க்கவில்லை. ஆக, தாய்மொழி அமைப்பு ஒரு தடை. பழக்கம் அதைத் தாண்டவைக்கிறது.

பழக வேண்டிய அளவும் பயப்படும் அளவுக்கு இல்லை. 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசியச் சொற்றொகுப்பை கார்ட்னர், டேவிஸ் இருவரும் அலசி 2007-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அதில் கிடைத்த 5,18,923 ஃப்ரேசல் வெர்ப் பயன்பாடுகளில் பாதிக்கு மேல், வெறும் 20 வினைகளும் 8 சிறுசொற்களும் சேர்ந்து உண்டாக்கியவை. பட்டியலின் உச்சியில் இருப்பது 'கோ ஆன்'. பொருள்கள் பல என்பதுதான் சிக்கல்; முதல் நூறு வினைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் சராசரியாக ஐந்துக்கு மேல் பொருள். 2015-இல் கார்னியே, ஷ்மிட் இருவரும் அதையும் வடிகட்டினார்கள். அடிக்கடி வரும் 150 வினைகளின் முதன்மைப் பொருள்களை மட்டும் கற்றாலே அவ்வினைகளின் பயன்பாட்டில் முக்கால் பங்குக்கு மேல் புரிந்துவிடும் என்று காட்டினார்கள்.

அகரவரிசையில் ஆயிரம் வினைகள் அச்சிட்ட கையேடுகளைவிட, தமிழ் மாணவருக்கு வேண்டியது சிறுசொல்லைத் தலைப்பாக வைத்த ஒரு சின்னப் புத்தகம். 'அவுட்' என்ற பக்கத்தில் முதலில் 'வெளியே' என்ற இடப்பொருள்: 'கோ அவுட்'. அடுத்து மறைவிலிருந்து வெளிப்படுவது: 'ஃபைண்ட் அவுட்', கண்டுபிடி, 'பாயிண்ட் அவுட்', சுட்டிக்காட்டு. அடுத்து இல்லாமல் போவது: 'ப்ளோ அவுட்', ஊதி அணை, 'செல் அவுட்', விற்றுத்தீர். ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழின் எச்சமும் முற்றும் சேர்ந்த வடிவம். கீழே, 'இட்' எங்கே நிற்கும் என்று ஒரு வரி: 'ஃபைண்ட் இட் அவுட்', 'ப்ளோ இட் அவுட்'. பெயரைச் சேர்க்க எந்த முன்னிடைச்சொல் வேண்டும் என்று இன்னொரு வரி: 'பாயிண்ட் அவுட்' பின்னால் ஆளைச் சொல்ல 'டு', 'ரன் அவுட்' பின்னால் பொருளைச் சொல்ல 'ஆவ்'. ஒரு சிறுசொல்லுக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொண்டால், எட்டையும் ஒரே பருவத்துக்குள் முடித்துவிடலாம்.